வாசலில் தடுத்தால் எதைக் கேட்பது: பொது இட நுழைவு மறுப்புக்குச் சட்டம் தரும் விதிவிலக்குகளைச் சரிபார்க்கும் முறை

உணவகம், கடை, திரையரங்கு, கோயில், குளம், சுடுகாடு என்று பொதுமக்கள் வந்துபோகும் ஓர் இடத்தில் ஒருவரை உள்ளே விட மறுப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். "இது எங்கள் வழக்கம்" என்பது ஒன்று. "நிர்வாகத்தின் முடிவு" என்பது மற்றொன்று. "அனுமதிக்கும் உரிமை எங்களுக்கே உரியது" என்று சுவரில் மாட்டியிருக்கும் பலகையைக் காட்டுவது மூன்றாவது. இந்த மூன்றில் எதுவும் சட்டத்தில் விதிவிலக்கு ஆகாது. இந்தியச் சட்டத்தில் உண்மையான விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் அவை சிலவே. ஒவ்வொன்றும் அரசமைப்பிலோ ஒரு சட்டத்திலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் இருக்கிறது. ஆகவே மறுப்பை எதிர்கொள்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் விடவில்லை" என்பது மட்டுமல்ல, "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு உங்களை அப்படித் தடுக்க அனுமதிக்கிறது" என்பதும்தான். அந்தப் பதிலைச் சோதிக்கும் முறையைத் தமிழ்நாட்டு நிலைமைகளை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

இடம் எத்தகையது என்று பாருங்கள்

அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு இரண்டு வகை இடங்களைச் சொல்கிறது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவை முதல் வகை; இவை தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும் விதி பொருந்தும். கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் இடம் ஆகியவை இரண்டாம் வகை. இவை முழுவதுமோ ஓரளவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுபவையாகவோ பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்டவையாகவோ இருக்க வேண்டும். எனவே "இது தனியார் இடம்" என்ற பதில் உணவகத்துக்கோ கடைக்கோ பயன்படாது. "கடை" என்பதற்குச் சேவை தரும் இடங்களையும் உள்ளடக்கிய விரிந்த பொருள் உண்டென்று அம்பேத்கர் அரசமைப்பு நிர்ணய சபையிலேயே விளக்கியிருக்கிறார். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சலவையகத்தையும் முடிதிருத்தும் நிலையத்தையும் கடை என்றே வரையறுக்கிறது.

இந்த வரையறைக்கு வெளியே நிற்பவை எவை? உறுப்பினர்கள் மட்டுமே வரக்கூடிய உண்மையான மன்றம், குடும்பத்துக்குள் மட்டும் வழிபாடு நடக்கும் வீட்டுக் கோயில், வாடகைக்கு விடப்படும் குடியிருப்பு ஆகியவை 15(2)-இன் சொற்களுக்குள் வருவதில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தரும் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்றது. இருப்பினும் தீண்டாமையை முன்னிட்டு எந்தப் பகுதியிலும் ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை வீடு தேடி அலையும் தலித் குடும்பங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதேபோல், தனியாருக்குச் சொந்தமான கோயிலானாலும் உரிமையாளர் பொதுமக்களை வழிபட அனுமதித்து வந்தால், அது பொது வழிபாட்டு இடமாகவே கருதப்படும். ஊரே கும்பிடும் ஒரு கோயிலை "எங்கள் குடும்பச் சொத்து" என்று சொல்லி ஒரு தெருவினரை மட்டும் விலக்க முடியாது.

மறுப்பின் காரணம் எது என்று பிரித்தறியுங்கள்

15(2)-இல் சொல்லப்பட்ட காரணங்கள் ஐந்து: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம். இவற்றை "மட்டும்" காரணமாக வைத்துத் தடுக்கக் கூடாது என்பதே விதி. விதிவிலக்குகளில் பெரும்பகுதி இந்த வாசகத்திலிருந்தே கிளைக்கிறது. வயது இந்த ஐந்தில் இல்லை. ஆகவே வயது வந்தோருக்கான சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவரை விட மறுப்பதும், தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்க மறுப்பதும் பாகுபாடு ஆகா; அவற்றைச் சட்டமே கட்டாயமாக்குகிறது. வசிக்கும் இடமும் பிறந்த இடமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 1955-இலேயே சொல்லிவிட்டது. ஆகவே உள்ளூரில் வசிப்போருக்குக் கட்டணச் சலுகை தருவது தானாகவே 15ஆம் உறுப்பை மீறியதாகாது.

இந்த உறுப்பு "குடிமக்கள்" பற்றியே பேசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் சின்னங்களைப் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் வாங்கப்படுவது இதனால்தான் 15(2)-இல் சிக்குவதில்லை. தெற்காசிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்புகளான சார்க், பிம்ஸ்டெக் ஆகியவற்றின் நாடுகளிலிருந்து வருவோருக்கு இந்தியருக்குரிய கட்டணமே உண்டு என்பதால், இலங்கையிலிருந்து வரும் உறவினரிடம் கூடுதல் பணம் கேட்டால் கடவுச்சீட்டைக் காட்டி மறுக்கலாம். அதே சமயம், 14ஆம், 21ஆம் உறுப்புகள் "எவரும்" என்று சொல்வதால், குடியுரிமை இல்லாதவரையும் அரசு தன்னிச்சையாக நடத்த முடியாது.

சாதி காரணம் என்றால்

இங்கே நான் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பதைத் தடை செய்கிறது. அதில் "எனினும்", "தவிர", "உட்பட்டு" என்ற சொற்கள் எதுவும் இல்லை. வழக்கம், திருவிழா மரபு, ஊர்க் கட்டுப்பாடு, குலதெய்வ உரிமை ஆகிய எதையும் அதற்கு விதிவிலக்காக யாரும் காட்ட முடியாது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பவரும், தேரோட்டத்தின்போது ஒரு தெருவை ஒதுக்குபவரும் சமரசம் பேசத் தகுந்த ஏதோ ஒரு மரபைக் காப்பவர்கள் அல்லர், குற்றம் செய்பவர்கள்.

இரண்டு சட்டங்கள் இதைத் தண்டிக்கின்றன. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வழிபாட்டு இடங்களையும், 4ஆம் பிரிவு கடை, உணவகம், நீர்நிலை, சுடுகாடு, சாலை முதலியவற்றையும் உள்ளடக்குகின்றன. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். இந்த அபராதத் தொகை இன்றைக்கு யாரையும் அச்சுறுத்தப் போவதில்லை என்பது என் கருத்து. ஆனால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இதே தடைகளை 3(1)(இசட்ஏ) என்ற உட்பிரிவில் சேர்த்து, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று வைத்திருக்கிறது. இதில் முன்ஜாமீன் கிடையாது. முதல் தகவல் அறிக்கை பதியும் முன் பூர்வாங்க விசாரணையும் தேவையில்லை.

இரண்டாவது சட்டம் கடுமையானதே என்றாலும் அதற்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. பலர் தவறவிடும் இடம் இது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். குற்றம் செய்தவர் அவ்விரு பிரிவிலும் சேராதவராக இருக்க வேண்டும். ஆகவே ஒரு பட்டியல் சாதியினர் இன்னொரு பட்டியல் சாதியினரை, எடுத்துக்காட்டாக அருந்ததியரை, குழாயடியில் தடுத்தால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. பட்டியல் சாதிகள் எவை என்று அறிவிக்கும் 1950-ஆம் ஆண்டு அரசமைப்பு ஆணையின்படி கிறித்தவராக மாறியவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லாததால், கல்லறைத் தோட்டத்தில் ஒதுக்கப்படும் தலித் கிறித்தவருக்கும் அது உதவாது. இந்த இரண்டு நிலைகளிலும் 1955-ஆம் ஆண்டுச் சட்டமே கைகொடுக்கும். ஏனெனில் அது "எவரேனும்" தீண்டாமை காரணமாக "எவரையேனும்" தடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் 12ஆம் பிரிவு தரும் வசதி, அதாவது செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் வசதி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் மட்டுமே கிடைக்கும். மற்றவர்கள் காரணத்தைச் சாட்சியங்களால் நிறுவ வேண்டியிருக்கும்.

கோயிலில் எது விதிவிலக்கு, எது இல்லை

விதிவிலக்குகள் மிகுதியும் வாதிடப்படும் இடம் கோயில்தான். 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றதும், அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் சட்டங்கள் வந்ததும் பலருக்குத் தெரியும். இன்று நடைமுறையில் இருக்கும் 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம், சாதியோ உட்பிரிவோ பாராமல் ஒவ்வொரு இந்துவுக்கும் பொதுக் கோயிலில் மற்றவர்களைப் போலவே நுழைந்து வழிபட உரிமை தருகிறது.

இதே சட்டத்தை எதிர்த்து, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தென் கன்னடத்து முல்கி வெங்கடரமணர் கோயிலின் கௌட சாரஸ்வத பிராமணர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். தங்கள் கோயில் ஒரு சமய உட்பிரிவுக்கு உரியது என்பதால், 26ஆம் உறுப்பின்படி யாரை அனுமதிப்பது என்று தாங்களே தீர்மானிக்கலாம் என்பது அவர்கள் வாதம். 1958-இல் வந்த தீர்ப்பு அந்தக் கோயில் உட்பிரிவுக் கோயில்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் பொதுக் கோயில்களைத் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தரும் 25(2)(ஆ) உறுப்புக்கு அந்த உரிமை கட்டுப்பட்டதே என்று முடிவு செய்தது. சில குறிப்பிட்ட சடங்குகளின்போது மட்டும் உட்பிரிவினர் அல்லாதவரை விலக்கலாம். அதுவும் பொதுமக்களின் வழிபாட்டு உரிமை கணிசமாகக் குறையாத அளவில்தான். ஆகவே "இது எங்கள் சமூகத்துக் கோயில்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அது தனிக் கொள்கையும் அமைப்பும் பெயரும் உடைய சமய உட்பிரிவா, அல்லது வெறும் சாதியா? விலக்குவது குறிப்பிட்ட சடங்கின் நேரத்துக்கு மட்டுமா, ஆண்டு முழுவதுமா? விலக்கப்படுபவர்கள் உட்பிரிவைச் சேராத எல்லோருமா, ஒரு சாதியினர் மட்டுமா? கடைசிக் கேள்விக்கு "ஒரு சாதியினர் மட்டும்" என்பது பதிலானால், முதல் இரண்டைப் பற்றி மேலும் பேச வேண்டியதே இல்லை.

கருவறைக்குள் அர்ச்சகர் தவிர யாரும் போகக் கூடாது என்ற விதி வேறு வகையானது. அது பணி சார்ந்தது. எந்தச் சாதியைச் சேர்ந்த பக்தருக்கும் ஒரே மாதிரி பொருந்தினால் செல்லும். மகாமண்டபம் வரை சிலருக்கும் வெளிப்பிராகாரம் வரை சிலருக்கும் என்று பிரித்தால் செல்லாது. வரிசை, நேரம், தூய்மை, ஒழுங்கு ஆகியவற்றுக்காகக் கோயில் நிர்வாகம் விதிகள் வகுக்கலாம் என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைச் சாதி பார்க்கும் கருவியாக்க முடியாது.

இந்து அல்லாதவரைத் தடுப்பது உண்மையிலேயே சட்டம் ஏற்கும் விதிவிலக்குதான், ஏனெனில் நுழைவு உரிமை இந்துக்களுக்கே தரப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் பழனி கோயில் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி, கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதோருக்கு அனுமதியில்லை என்று பலகை வைக்கும்படியும், நம்பிக்கையோடு தரிசிக்க விரும்புவோரிடம் உறுதிமொழி பெற்று அனுமதிக்கும்படியும் உத்தரவிட்டார். எனினும் 25ஆம் உறுப்பின் விளக்கத்தின்படி சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோரும் இந்த இடத்தில் இந்துக்களுக்குள் அடக்கம். பௌத்தம் தழுவிய தலித் ஒருவரை "நீ இந்து இல்லை" என்று திருப்பி அனுப்பும் தந்திரத்துக்கு இதுவே பதில்.

பெண்களை வயது பார்த்து விலக்கும் மரபு பற்றி: சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் விலக்கு செல்லாது என்று தீர்ப்பு வந்தது, 2019 நவம்பரில் அதிலிருந்து எழும் பொதுக் கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் அன்றன்றைய நீதிமன்ற நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு நடப்பது நல்லது.

பெண்களுக்கென ஒதுக்கப்பட்டவை

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(3) சொல்கிறது. ரயிலில் மகளிர் பெட்டியும், 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் இதன் நிழலில் நிற்பவை. மகளிர் பெட்டியில் ஏறும் ஆணுக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மகளிர் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமே உரிமம் வழங்குகிறது. இந்த உறுப்பு அதிகாரம் தருவது அரசுக்குத்தான். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது என்று தங்கும் விடுதி ஒன்று "பாதுகாப்புக்காக" விதி வைத்துக்கொண்டால், அது 15(3) அல்ல; பாலை மட்டும் காரணமாக்கி அவளுக்கு விதிக்கும் தடை.

மாற்றுத்திறனாளிகளும் திருநரும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் விதிவிலக்கு வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் 3(3) பிரிவின்படி, தடுத்த செயல் ஒரு நியாயமான நோக்கத்தை அடைய அதற்கு ஏற்ற அளவிலான வழி என்று காட்டப்பட்டாலன்றி, மாற்றுத்திறன் காரணமாகப் பாகுபாடு செய்யக் கூடாது. காட்ட வேண்டிய பொறுப்பு தடுத்தவருடையது. திரையரங்கில் சக்கர நாற்காலியைத் தீ விபத்துப் பாதுகாப்பு என்று சொல்லித் தடுத்தால், எந்தப் பாதுகாப்பு விதி, எந்த வழி அடைபடும், ஏன் வேறு இருக்கை வரிசையில் இடம் தர முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். நியாயமான வசதி செய்து தர மறுப்பதும் பாகுபாடே. அளவுக்கு மீறிய சுமை என்று காட்டினால்தான் தப்பலாம். பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்கத் தரப்பட்ட ஐந்தாண்டு 2022-இல் முடிந்துவிட்டதால், "கட்டடம் பழையது" என்ற பதிலுக்கு இனி வலுவில்லை. புகாரை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் தரலாம்.

திருநருக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பொது இடத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை வைக்கிறது. "மற்ற வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவார்கள்" என்ற சாக்குக்கு அதில் இடமில்லை.

உடையும் மன்ற விதிகளும்

உடை 15(2)-இன் ஐந்து காரணங்களில் இல்லாததால் மன்றங்கள் நெடுங்காலம் தம் விருப்பப்படி நடந்தன. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு சட்டமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தனிச் சட்டம் இயற்றியது. வேட்டியையோ வேறு இந்திய மரபு உடையையோ காரணம் காட்டி மன்றம், உணவகம், திரையரங்கு போன்ற இடங்களில் தடுத்தால் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. கண்ணியமாக உடுத்தியிருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள நிபந்தனை.

சட்டம் ஒழுங்கு என்ற பதில்

மிகவும் கவனமாக எதிர்கொள்ள வேண்டிய பதில் இது, ஏனெனில் சொல்பவர்கள் அதிகாரிகள். கலவரம் வரும் என்று அஞ்சினால் தற்காலிகத் தடையாணை பிறப்பிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவாகவும் குறுகிய காலத்துக்கும் இருக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்களின் நுழைவு தொடர்பாக எழுந்த மோதலுக்குப் பின், 2023 ஜூனில் கோயில் முத்திரையிடப்பட்டது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்து உயர் நீதிமன்ற உத்தரவால்தான் திறந்தது. மூடுவது நடுநிலை போலத் தோன்றலாம். ஆனால் உரிமையைக் கேட்டவருக்குக் கிடைப்பது பூட்டிய கதவுதான். தடுத்தவர் விரும்பியது நிறைவேறிவிடுகிறது. நேர்மாறாக, 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் மாவட்ட ஆட்சியரே தலித் மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடையினர் மீது வழக்கும் பதிவானது. "சமாதானக் கூட்டம்" என்று அழைக்கப்பட்டால் செல்லுங்கள். ஆனால் உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ "வழக்கப்படி நடந்துகொள்வோம்" என்றோ எழுதிய தாளில் கையெழுத்திட வேண்டாம்.

பதிவும் புகாரும்

தடுக்கப்பட்ட அன்றே நாள், நேரம், தடுத்தவர் சொன்ன சொற்கள், உடன் இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பலகை இருந்தால் படம் எடுங்கள். அதே நேரத்தில் வேறு யாரெல்லாம் உள்ளே விடப்பட்டார்கள் என்பதே பெரும்பாலும் வழக்கைத் தீர்மானிக்கிறது, ஏனெனில் "எல்லோருக்கும் இதே விதிதான்" என்ற வாதத்தை உடைப்பது அதுதான்.

சாதி காரணமான மறுப்பில், புகாரில் இரண்டு சட்டங்களின் பிரிவுகளையும் குறிப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் மற்றது நிற்கும். காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல் வெறும் மனு ரசீதோடு அனுப்பிவிட முயன்றால் முதல் தகவல் அறிக்கையையே கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள், அடுத்து நீதித்துறை நடுவரை அணுகுங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை வைக்கிறது. மனுவில் இதை நினைவூட்டலாம். விசாரணையைத் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும்.

மதம் காரணமாக உணவகம் ஒன்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், 15(2) மீறப்பட்டிருந்தாலும் அதற்கென நேரடித் தண்டனைப் பிரிவு இல்லை. எல்லாப் பாகுபாட்டையும் ஒருங்கே தண்டிக்கும் பொதுச் சட்டம் நாட்டில் இன்னும் வரவில்லை, வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை உரிமம் தந்த உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிட்டு, அது செயல்படாவிட்டால் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்வதே வழி.

காலக்கெடுவையும் கவனிக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குற்றங்களுக்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதமே என்பதால், நிகழ்ந்த ஓராண்டுக்குள் முதல் தகவல் அறிக்கை பதிவாகவோ நடுவரிடம் புகார் தாக்கலாகவோ வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்று இழுக்கும் மாதங்களும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே பேச்சு ஒருபக்கம் நடந்தாலும் புகாரை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.